கொக்கிடம் பூ கேட்டவர்

9.1.2024 – விமான டிக்கெட் நான்கு, கடற்கரை விடுதியில் அறை இரண்டு: 6,120 கனடா டாலர்.
16.2.2024 – மூன்று டிக்கெட், ஓர் அறை ரத்து. திரும்பி வந்தது: இல்லை.
17.2.2024 – டொராண்டோவிலிருந்து பார்படாஸ் தீவு. சென்றவர்: ஒருவர்.
19.2.2024 – சதுப்புநிலம் போய்வர டாக்ஸி: 60 பார்படாஸ் டாலர்.

அந்த ஒருவர் அமிர்தலிங்கம். அரியலூர்க்காரர். பொதுப்பணித் துறையில் ஏரிகளின் நீர்மட்டத்தை அளந்து எழுதும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வேலைநாளில் பாதி கரைவெட்டி ஏரிக்கரையில் கழிந்ததால், தண்ணீரோடு சேர்த்துப் பறவைகளையும் எழுதிவைக்கும் பழக்கம் அவருக்கு ஒட்டிக்கொண்டது. மனைவி தனம் இறந்து ஆறு வருடமாகிறது. ஒரே மகள் சண்முகப்பிரியா டொராண்டோவில் நர்ஸ். அம்மாவின் காரியத்துக்கு வந்து போனவள்தான். அதற்குப் பிறகு ஊர்ப்பக்கம் தலைகாட்டவில்லை.

அவர் கூப்பிடாமல் இல்லை. கூப்பிடும்போதெல்லாம் "பாக்கலாம்ப்பா" என்பாள். அவர்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். சீட்டுப் பிடிக்கிற அம்மா வாசலில் வந்து நின்றால் தனமும் அதையே சொல்லித்தான் அனுப்பிவைப்பாள்.

மகள் அழைத்தாளென்று ஜனவரிக் கடைசியில் அவரே டொராண்டோவுக்குப் போனார். அங்கே அவளுக்கு இரவு டியூட்டி, மாப்பிள்ளைக்குப் பகல் வேலை, பேரனுக்குப் பள்ளிக்கூடம். பேச்சு என்பது ஃபிரிட்ஜைத் திறந்து மூடும் நேரத்துக்குள் முடிந்துவிடும். அதனால் ஊருக்கு வரச்சொல்லிக் கேட்பதைத் தீவுப் பயணத்துக்கென்று தள்ளிவைத்தார். மணலில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் 'பாக்கலாம்' என்று சொல்ல அவளுக்கு வாய் வராது என்று நம்பினார். அந்தப் பயணத்தைப் பற்றிக் கேள்விப்பட்டபோதே அரியலூர் டீக்கடை வேல்முருகன் சிரித்தான். "ஏன் சார், கரைவெட்டியில பாக்காத கொக்கையா அம்புட்டு தூரம் போயி பாக்கப் போறீங்க?"

கிளம்புவதற்கு முதல் நாள் பேரனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

"நானும் இருந்துடுறேம்மா," என்றார் அமிர்தலிங்கம்.

"கட்டுன காசு திரும்பி வராதுப்பா. நீங்களாவது போயி நாலு பறவையப் பாத்துட்டு வாங்க."

விடுதியில் அறைக்கு இரண்டு சாய்வு நாற்காலி கொடுத்தார்கள். ஒன்றில் அவர் உட்கார்ந்தார். இன்னொன்றில் துண்டைப் போட்டுவைத்தார். கடல் கண்ணாடி போல் கிடந்தது. கூழைக்கடா ஒன்று மேலிருந்து கல் விழுந்த மாதிரி தண்ணீரில் விழுந்து மீனோடு எழுந்தது. செம்பருத்தி முன்னால், தேன்சிட்டை விடச் சின்னதாக ஒரு பச்சைப் பறவை அந்தரத்தில் நின்றபடி தேன் குடித்தது. "இங்க பாரு" என்று திரும்பினார். துண்டுதான் இருந்தது.

டாக்ஸிக்காரர் சென்னை என்ற பெயரைக் கேட்டதும், கிரிக்கெட் பார்க்க அங்கே போன தன் மாமா வெயில் தாங்காமல் மயங்கி விழுந்த கதையை வழி முழுக்கச் சொல்லிச் சிரித்தார். சதுப்புநிலத்தில் மரம் நிறைய வெள்ளைவெளேரென்று பறவைகள். கிட்டே போய்ப் பார்த்தார். உண்ணிக்கொக்கு! எருமை பின்னாலேயே நடந்து பூச்சி பொறுக்குமே, அதே கொக்குதான். ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டித் தானாகவே வந்து குடியேறியது, யாரும் கொண்டுவந்து விடவில்லை என்றார் அங்கிருந்த காவலர்.

மறுநாள் சாயங்காலம் கால் நனைக்கக் கடலில் இறங்கி நின்றபோது, தலைக்கு மேல் அந்தக் கொக்குகள் வரிசையாக அடையப் போயின. அமிர்தலிங்கம் சுற்றிலும் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் தூக்கி, நகங்களைக் கொக்குகளுக்குக் காட்டி ஆட்டினார்.

கொக்குக் கூட்டம் போனால் அவர் ஊர்ப் பிள்ளைகள் அப்படித்தான் பூ கேட்பார்கள். நகத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் அது கொக்கு போட்ட பூ. பிரியா சின்னவளாக இருந்தபோது, ஏரிக்கரையில் மொபெட்டின் முன்னால் நின்றுகொண்டு, "யப்பா, வண்டிய நிறுத்து, கொக்கு போயிரும்!" என்று கத்துவாள்.

விசில் சத்தம் கேட்டது. கடற்கரைக் காவலர்கள் இருவர் மிதவையோடு பாய்ந்து வந்து அவரை இழுத்துக் கரையில் உட்காரவைத்தார்கள். பறவை, பூ, நகம் என்று ஆபீஸ் ஆங்கிலத்தில் அவர் விளக்க விளக்க, அவர்கள் முகத்தில் கவலை கூடியது. விடுதிப் பதிவேட்டில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டுவிட்டார்கள்.

"அப்பா! என்னாச்சு? தண்ணில எறங்குனீங்களா?"

"முழங்கால் மட்டுந்தாம்மா."

"பின்ன எதுக்குக் கைய ஆட்டுனீங்க? முழுகுறீங்கன்னுல்ல நெனச்சிருக்காங்க!"

"கொக்கு போச்சு. பூ கேட்டேன்."



"போட்டுச்சா?"

"எங்க? இந்த ஊரு கொக்குக்குத் தமிழ் தெரியல."

அவள் சிரித்துவிட்டாள். அம்மா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை. மணலில் பக்கத்தில் அவள் இல்லைதான். ஆனாலும் இதை விட்டால் வேறு நேரம் வாய்க்காது என்று தோன்றியது.

"பிரியா, ஒருவாட்டி ஊருக்கு வாயேம்மா. கரைவெட்டியில தண்ணி நிக்கிறப்ப. ஒரு வாரம் போதும்."

சிரிப்பு நின்றது.

"பாக்கலாம்ப்பா. டியூட்டிக்குக் கெளம்பணும். சாப்டுட்டுப் படுங்க."

அவர் நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்துக் காலைத் துடைத்துக்கொண்டார்.

ஏப்ரலில் அரியலூர் திரும்பினார்.

"புதுசா என்ன சார் பாத்தீங்க?" என்றான் வேல்முருகன்.

"உண்ணிக்கொக்கு."

"நான் அன்னிக்கே சொல்லல?" என்று கடையில் இருந்தவர்களைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அந்த வருடம் மழைக்குப் பின் கரைவெட்டி நிறைந்தது. ஏரிக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் மகளுக்குக் கடிதம் எழுதினார். வாயால் 'பாக்கலாம்' என்று சொல்வது சுலபம். பேனா பிடித்து எழுத வேண்டுமென்றால் யோசிப்பாள் என்பது அவர் கணக்கு. பதிலுக்குப் போனில் கட்டைவிரல் படமும் பேரன் படமும் வந்தன. ஏரியில் தண்ணீர் குறையத் தொடங்கிய பிறகுதான் உறை வந்தது. உள்ளே ஒரே தாள்.

"அப்பா, இந்த வருஷம் வர முடியல. அடுத்த வருஷமும் முடியாது. பாக்கலாம்னு எழுத மனசு வரல. அதான் இத்தனை நாள் எழுதல. நேத்து டியூட்டி முடிஞ்சு கையுறையக் கழட்டுறப்ப பாத்தேன், இடது கட்டைவிரல் நகத்துல ஒரு பூ இருக்கு. எந்தக் கொக்கு போட்டுச்சுன்னு தெரியல."

அமிர்தலிங்கம் ஜன்னல் வெளிச்சத்தில் தன் நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றிலும் எதுவும் இல்லை. மகளை ஊருக்குக் கூப்பிடுவதை அன்றோடு நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு அவளிடமிருந்தும் கடிதம் வரவில்லை. அந்த ஒரே கடிதம் வந்த தேதி 11.3.2025.