கோணல் சிலுவை

எங்கள் வீட்டில் ஏதாவது காணாமல் போனால், போன பொருளைத் தேடுவதற்கு முன்னால் என்னைத் தேடுவார்கள். நான் எடுத்திருப்பேன் என்பதற்காக அல்ல, யார் எடுத்தது என்பதில் எனக்கு ஒரு தீர்மானமான கருத்து இருக்கும் என்பதற்காக. எட்டு வயதுப் பெண்பிள்ளைக்கு ‘சிஐடி’ என்று பேர் வைத்தவர் அப்பா. அவர் கேலியாகத்தான் வைத்தார். நான் அதை உத்தியோகமாக எடுத்துக்கொண்டு வீடு முழுக்க மோப்பம் பிடித்துத் திரிந்தேன்.

சிவகாசியும் அதற்குத் தோதான ஊராகத்தான் இருந்தது. தீப்பெட்டி ஒட்டுவதற்குக் கம்பெனியிலிருந்து வீடு வீடாகக் கட்டுக் கொடுப்பார்கள். பசை காய்ச்ச மாவும் கொடுப்பார்கள். அந்த மாவில் மயில்துத்தத்தைக் கலந்து விஷமாக்கித்தான் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் ஜனங்கள் பசைக்குப் பதில் கூழ் காய்ச்சிக் குடித்துவிடுவார்களாம். பெரிய பெரிய கம்பெனிக்காரர்களே அப்படிச் சந்தேகப்படும்போது, நான் பட்டால் என்ன தப்பு?

அறுபதுகளின் நடுவில் மழை பொய்த்து, காசு கொடுத்தாலும் அரிசி கிடைக்காத ஒரு வருஷம் வந்தது. அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் அப்பா, அம்மா, நான், தம்பி, அப்புறம் அப்பாவின் அக்கா. அத்தைக்குப் புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. தாயில்லாமல் போன அப்பாவைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். வீட்டில் சும்மா இருக்கக் கூசி, தீப்பெட்டி ஒட்டுவாள்.

எங்களைப் போன்ற கிறிஸ்துவ வேதக்காரர் வீடுகளில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனிப் பானையில் போட வேண்டும். சேர்ந்ததை ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய், ஆராதனை நடத்துகிற உபதேசியாரிடம் கொட்டிவிட்டு வருவார்கள். அம்மா அரிசியைப் போட்டதும் அதன் மேல் விரலால் ஒரு சிலுவை கீறிவைப்பாள். கர்த்தருக்கென்று கீறியதில் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று நம்பிக்கை. அந்தப் பஞ்சத்திலும் பிடியரிசி நிற்கக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை.

எனக்குச் சந்தேகம் அந்தச் சிலுவையில்தான் தொடங்கியது. அம்மா கீறினால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பானையைத் திறந்தால் குறுக்குக் கோடு கோணிக்கொண்டு கிடந்தது. மறுநாளும் கோணல். எங்கள் வீட்டில் கோணலாகக் கீறக்கூடிய விரல் ஒன்றே ஒன்றுதான். நகச்சுற்று வந்த ஆட்காட்டி விரலில் பசையும் ஏறி, அத்தைக்கு அந்த விரல் நீட்டவும் வராது, மடக்கவும் வராது. ஆக, அம்மாவின் சிலுவை கலைந்துவிட்டதால் அத்தை புதிதாக ஒன்று கீறுகிறாள். எடுக்காதவளுக்குக் கீறவேண்டிய அவசியம் என்ன?

இன்னொன்றும் இதனோடு பொருந்திவந்தது. கொஞ்ச நாளாக அத்தை சாப்பாட்டு நேரத்தில் வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்று சொல்லி வட்டிலைத் தள்ளிவிடுவாள். சோறு வேண்டாம் என்கிறவள் எதைத் தின்று நடமாடுகிறாள்? கோயில் அரிசியை வெறும் வாயில் மெல்லுகிறாள் என்று முடிவு கட்டினேன். அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை கொட்டும் என்று எங்களையெல்லாம் மிரட்டுவார்கள். அத்தைக்கு அந்தப் பயமும் இல்லையே.

இத்தனைக்கும் அவள் மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம். எனக்குப் பேன் பார்ப்பதும், காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொள்வதும் அவள்தான். அவளாக இருக்கக்கூடாதே என்று வேண்டிக்கொண்டேதான் துப்புத் துலக்கினேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் விறகு அடுக்கியிருந்த மூலையில் பதுங்கிக்கொண்டேன். அம்மா துணி துவைக்கக் கிணற்றடிக்குப் போயிருந்தாள். அரிசி புடைத்துக் கல் பொறுக்கித் தருவது அத்தை வேலை, உலை வைப்பது அம்மா வேலை. அத்தை சுளகைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தாள். முந்தியை இடுப்பிலிருந்து உருவினாள். பானையைத் திறந்து கையை விட்டாள். அவள் முதுகு பாதியை மறைத்தது. கை உள்ளே போனது தெரிந்தது, வெளியே வந்தது தெரிந்தது. அப்புறம் அந்த விரலால் குனிந்து கீறினாள். எனக்கு அது போதும்.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். நாத்தனார் கையும் களவுமாகப் பிடிபட்டால் யாருக்குக் கசக்கும் என்று நினைத்தேன். அம்மாவோ சோப்புக் கையோடு துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தை முந்தியை அவிழ்த்தாளா, நன்றாகப் பார்த்தாயா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்புறம், “இத அப்பாட்ட சொல்லிராத தாயி” என்று கெஞ்சினாள்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. எதற்கு இந்தக் கெஞ்சல்? இரண்டு பேரும் கூட்டோ என்று ஒரு புதுச் சந்தேகம் கிளம்பிவிட்டது. சாயங்காலம் அப்பா வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன்.

அப்பா லேசுப்பட்ட ஆள் இல்லை. எங்கள் வீட்டில் தங்கிப் படித்த சித்தப்பா மகன் காணிக்கைச் சில்லறையில் முட்டாய் வாங்கித் தின்றதற்கு அன்றைக்கே அவன் பெட்டியைக் கட்டிப் பஸ் ஏற்றிவிட்டவர். ஆனால் இது அக்கா. கொஞ்ச நேரம் முற்றத்தில் நடந்துவிட்டு வந்து அத்தை எதிரில் நின்றார்.

“அக்கா, பிடியரிசிப் பானைல இருந்து எடுத்தீகளா?”

அத்தை என்னைப் பார்த்தாள். அடுப்படி வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஆமா தம்பி. நாந்தான் எடுத்தேன்.”

கண்டுபிடித்தவள் நான். துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அப்பா முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். தம்பி மகனுக்கு ஒரு நியாயம், கூடப் பிறந்தவளுக்கு ஒரு நியாயம் என்று தன்னால் வைக்க முடியாது, திங்கட்கிழமை காரியாபட்டிக்குக் கூட்டிப்போய்க் கொழுந்தன் வீட்டில் விட்டுவிடுகிறேன் என்றார். அந்தக் கொழுந்தன் வீட்டில் அத்தையை மாட்டுத்தொழுவத்தில் படுக்கவைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அழுதுகொண்டே போய்க் கூட்டிவந்தவரே அப்பாதான். அத்தை கொடியில் கிடந்த தன் மாற்றுச்சேலையை இழுத்து மடிக்கத் தொடங்கினாள்.

அம்மா வந்து அந்தச் சேலையைப் பறித்துக்கொண்டாள்.

“மதினி எடுக்கல. எடுத்தது நானு. பிள்ளைகளுக்குக் கஞ்சி வெறும் தண்ணியா இருக்கேன்னு தெனமும் ஒரு பிடி அள்ளிப் போட்டேன். அள்ள அள்ளப் பானை குறையல. கர்த்தர்தான் இரங்கிப் பாக்குறாருன்னு நெனச்சேன். இவுகதான் தன் பங்கு அரிசிய ரொப்பிக்கிட்டு இருந்திருக்காக.”

அத்தை பதறிப்போய், “அவ என்னையக் காப்பாத்துறதுக்காகச் சொல்றா, நம்பாத தம்பி” என்றாள். அம்மா விடவில்லை. அத்தையின் முந்தியைப் பிடித்து முடிச்சை அவிழ்த்தாள். ராத்திரி உலைக்குப் புடைத்ததில் பிடித்து வைத்த அரிசி தரையில் சிந்தியது. அத்தை குனிந்து அதைப் பொறுக்க ஆரம்பித்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை போலும்.

“எடுத்த நாள்லேருந்து என்னால ஜெபம் பண்ண முடியல” என்றாள் அம்மா. “மனசு அறுக்குது. இப்பச் சொல்லிட்டேன். அனுப்புறதுன்னா என்னைய அனுப்புங்க.” அழுகையோடு சொன்னாலும் ஏதோ பெரிய சுமையை இறக்கி வைத்தவள் மாதிரி மூச்சு விட்டாள்.

எனக்கு மண்டை குழம்பிவிட்டது. ஒரு திருட்டுக்கு இரண்டு பேர் நான் நான் என்று போட்டி போட்டால் சிஐடி என்ன செய்வது? யாரோ ஒருத்தி பொய் சொல்கிறாள், அது மட்டும் நிச்சயம். அப்பா பிரம்பை எடுப்பார், உண்மையை வரவழைப்பார் என்று காத்திருந்தேன்.

அப்பா பிரம்பை எடுக்கவில்லை. அத்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவளோடு சேர்ந்து அரிசியைப் பொறுக்கினார். எழுந்து போய்ப் பிடியரிசிப் பானையைத் தூக்கிவந்து அம்மா கையில் கொடுத்தார்.

“இதையும் சேத்து ஒலை வை. உபதேசியார்ட்ட நாளைக்கு நான் சொல்லிக்கிறேன்.”

அன்றைக்கு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். எப்போதும் கடைசியாக அடுப்படிக்குள் தனியாகச் சாப்பிடுகிற அம்மாவையும் அப்பா கூப்பிட்டு உட்காரவைத்தார். கோயில் அரிசியைத் தின்றால் வயிறு வலிக்குமோ என்று நான் பயந்து பயந்து தின்றேன். ஒரு கண் மட்டும் அந்த இரண்டு பேர் மேலேயே இருந்தது. அம்மாவும் அத்தையும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. வட்டிலிலிருந்து தலையைத் தூக்காமல் வாரி வாரித் தின்றார்கள். அப்பா அவர்களைப் பார்த்துக்கொண்டு தன் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

குற்றம் செய்தவர்கள் அப்படித்தான் நிமிராமல் சாப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பசித்தவர்களும் அப்படித்தான் சாப்பிடுவார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது.