உட்காரத் தகுதியில்லாத மாப்பிள்ளை

போன ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் ஒரு வீட்டுக் கூடத்தில் ஏழு பேர் சுற்றி நின்று, ஒரு வாலிபன் பாயில் உட்காருவதைப் பார்த்தோம்.

அவன் உட்கார்ந்தான். சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி, முகம் சுளிக்காமல் உட்கார்ந்தான். பெண்ணின் அப்பா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

பெண் பார்க்கிற வீட்டில் பெண்ணைப் பாடச் சொல்வார்கள், நடக்கச் சொல்வார்கள். மாப்பிள்ளையை உட்காரச் சொல்லிப் பரீட்சை வைத்த வீட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன். இந்தக் கூத்துக்கு யார் காரணம் என்கிறீர்களா? நான்தான்.

வாலிபன் பெயர் தனபால். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டும் பம்பு கம்பெனியில் எனக்கு அடுத்த நாற்காலி. நசரத்பேட்டையிலிருந்து வேலப்பன்சாவடி, வானகரம் வழியாகத் தினமும் சைக்கிள் மிதித்து வருவான். வந்து, வேர்வை காய்வதற்குள் உட்கார்ந்தானானால் சாயங்காலம் சங்கு ஊதும்போதுதான் எழுந்திருப்பான். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று எழுதுவது அவன் வேலை.

அவன் அப்பா முனுசாமி அடுத்தவர் வயலில் கூலிக்குக் கதிர் அறுத்தே முதுகு வளைந்தவர். மகனுக்கு வேலை கிடைத்ததும் அவர் ஊரில் சொன்னது ஒரே ஒரு செய்தி. "எம் புள்ள ஃபேனுக்குக் கீய நாற்காலில உக்காந்துகினு கீறான்." நாலு வருஷமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். சம்பளம் எவ்வளவு என்று யாராவது கேட்டால்கூடப் பதில் நாற்காலிதான்.

தனபாலுக்கோ அந்த நாற்காலிதான் ஆகவில்லை. காலை பதினோரு மணிக்கே தலை தொங்கும். நான் முழங்கையால் இடிப்பேன். விழித்து ஜன்னல் வழியே பார்ப்பான். வெளியே கலாசிகள் வேலை செய்துகொண்டிருப்பார்கள் – லாரியில் வந்து இறங்கும் ராட்சச மெஷின்களைக் கடப்பாரையும் உருளைக் கட்டையும் வைத்து அங்குலம் அங்குலமாக நகர்த்தி ஷெட்டுக்குள் கொண்டுபோகிற கோஷ்டி. சாப்பாட்டு வேளையில் இவன் டெரிலின் சட்டையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு அவர்களோடு போய் நின்றுகொள்வான். திரும்பி வரும்போது தூக்கம் போயிருக்கும்.

ஒருநாள் என்னிடம் சொன்னான்: "அண்ணாத்தே, நான் கலாசிக்குப் போயிடறேன்."

"உனக்குப் பைத்தியமா?"

"இல்லண்ணே. சாயங்காலம் ஊட்டுக்குப் போனா, இன்னிக்கு இன்னா பண்ணோம்னு எனக்கே தெரில. அவங்களப் பாரு. காலைல லேத்து வாசல்ல இருந்திச்சி. இப்போ உள்ள கீது. அது தெரியுதில்ல?"

நான் பதினோரு வருஷமாகக் கடிதங்களை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகர்த்துகிறேன். எதுவும் எங்கேயும் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

அதிகாரியிடம் போனான். அவர் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாராம். "யாருப்பா உனக்குத் தொந்தரவு குடுக்கறது? பயப்படாம சொல்லு." யாரும் இல்லை என்றதும் அவருக்குச் சந்தேகம் அதிகமாகிவிட்டது. மெஷின் ஓடும் ஷாப்பிலிருந்து ஆபீசுக்கு வர ஃபாரம் உண்டு. ஆபீசிலிருந்து ஷாப்புக்குப் போக ஃபாரம் கிடையாது. யாரும் கேட்டதே இல்லையாம்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும், மனு எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அடிபட்ட தொழிலாளிகளுக்கு லேசான வேலை கொடுக்க ஒரு ஃபாரம் இருந்தது. 'இன்னார் நின்று செய்யும் வேலைக்கு உடல் தகுதி அற்றவர். உட்கார்ந்து செய்யும் வேலை தரலாம்' என்று அதில் அச்சடித்திருக்கும். நான் 'நின்று' என்பதை அடித்து 'உட்கார்ந்து' என்று எழுதினேன். 'உட்கார்ந்து' என்பதை அடித்து 'நின்று' என்று எழுதினேன். ஃபாரம் தயார். அன்று முழுக்க என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

கம்பெனி டாக்டர் கேட்டார். "உட்கார்ந்தா என்ன பண்ணுது?"

"தூக்கம் வருது சார்."

டாக்டர் தானும் உட்கார்ந்திருந்ததாலோ என்னவோ, மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆர்டர் வழக்கப்படி நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டது. 'தனபால், டைம் ஆபீஸ். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு உடல் தகுதி அற்றவர் என்பதால் ஒன்றாம் தேதி முதல் கலாசி பிரிவுக்கு மாற்றப்படுகிறார்.' நல்லது. ஆனால் தனபாலுக்குப் பூந்தமல்லியில் பெண் பேசி, நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்திருந்தது. பெண்ணின் மாமா எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸில் இருக்கிறார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும்.

அன்று சாயங்காலமே பஸ் ஏறி விஷயம் பூந்தமல்லி போய்விட்டது. மாப்பிள்ளையால் உட்கார முடியாதாம்! ஏனாம்? மூலம் என்றார்கள் சிலர். அதற்கும் மேலே ஏதோ என்றார்கள் வேறு சிலர். அதற்கும் மேலே என்ன என்பதை ஆளுக்கொரு விதமாக முடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் முனுசாமி என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"சார், நீங்கோ படிச்சவரு. நான் குனிஞ்சி குனிஞ்சி அறுத்தேன். ஒருத்தன் நிமுந்து உக்காரட்டும்னுதான சார் அறுத்தேன்? அந்த நாற்காலிய அடிச்சி எய்தணுமா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. காப்பி சாப்பிடுங்கள் என்றேன். வேண்டாம் என்று நின்றபடியே போய்விட்டார்.

அதனால்தான் போன ஞாயிறு பூந்தமல்லி. பெண்ணின் அப்பா ஏகாம்பரம் அங்கே ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. நாங்கள் போனதும் நலம்கூட விசாரிக்கவில்லை. பாயைக் காட்டி, "உக்காருங்க மாப்ளே, பாக்கலாம்" என்றார்.

பத்து நிமிஷம் ஆயிற்று. கால் மணி ஆயிற்று. தனபால் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான். ஏகாம்பரத்தின் முகம் மெல்ல மலர்ந்தது. இருபதாவது நிமிஷம் மாப்பிள்ளையின் தலை லேசாகத் தொங்கியது. பிறகு நன்றாகத் தொங்கியது. பெண் சரோஜா காப்பித் தட்டோடு வந்தபோது லேசான குறட்டை கேட்டது.

நான் உண்மையைச் சொன்னேன். வியாதி ஒன்றுமில்லை, உட்கார்ந்தால் தூக்கம் வரும், அவ்வளவுதான்.

ஏகாம்பரம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தூக்கமா? அதுக்கு ஆபீஸ் வேலதான சார் தோது? எங்க ஆபீஸ்ல வந்து பாருங்கோ. இத்தப் போயி எவனாவது எய்திக் குடுப்பானா?"

பிறகு கறாராகச் சொன்னார். மனுவை வாபஸ் வாங்கினால் நிச்சயதார்த்தம். கலாசி என்றால் பெண் கிடையாது. முனுசாமி, "இப்பவே எய்திடுங்கோ சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தனபால் விழித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தான். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று புழக்கடைப் பக்கம் போனான். அவன் போன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஏகாம்பரம் பெட்டியிலிருந்து நல்ல வெள்ளைத் தாளாக ஒன்று கொண்டுவந்தார். நான் பேனாவைத் திறந்தேன்.

'ஐயா' என்று எழுதியிருப்பேன். பின்னாலிருந்து தனபாலின் குரல் கேட்டது.

"அந்தக் கட்டைய அடில தள்ளு. கை பத்திரம்."

எல்லோரும் ஓடினோம். கிணற்றடியில் வெட்டவெளியில் கிடந்த ஆட்டுக்கல்லுக்கு அடியில், அங்கே கிடந்த கடப்பாரையைத் தனபால் கொடுத்திருந்தான். நேராக நின்று ஒரு அழுத்து. கல் நாலு விரற்கடை எழும்பியது. உருளைக் கட்டையை அடியில் தள்ளியது சரோஜா. இரண்டு மாதமாகக் கல்யாணம் பேசி, மாப்பிள்ளை பெண்ணிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். பழைய கதவுப் பலகையின்மேல் கல் உருண்டு, ஒரு முனகலும் இல்லாமல் சமையல்கட்டுத் தாழ்வாரத்துக்குள் போய் நின்றது.

சரோஜாவின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எடுத்தார்.

"மூணு வர்சமா மயைல நனஞ்சிகினே மாவாட்டறேன். கல்ல உள்ள தள்ளிப் போடுன்னு இந்த மனுசங்கிட்ட மூணு வர்சமா மனு போட்டுகினு கீறேன். நாள சொல்றேன்னாரு. இன்னிக்குத்தான் நாளு வந்திச்சி!"

ஏகாம்பரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதில் அவருக்கு உதவியாக ஒன்றும் இல்லை. மகளைப் பார்த்தார். சரோஜா கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு, "உக்கார்றவரு ஊட்டுக்கு ஒருத்தரு போதும் நைனா" என்றாள்.

நான் முனுசாமியைப் பார்த்தேன். அவர் கல்லைப் பார்க்கவில்லை. கடப்பாரையோடு நிற்கும் மகனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் இது... குனியவே இல்லியே இவன்" என்றார். குரல் உடைந்துவிட்டது. என் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடிவிட்டு, "எய்தாதீங்கோ" என்றார்.

என் கண்ணும் கலங்கியது என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. முந்தின வெட்கமே இன்னும் பாக்கி இருக்கிறது.

நம் ஊரில் நாற்காலிக்கு இருக்கிற மரியாதை அதில் உட்கார்கிறவனுக்குக்கூடக் கிடையாது. நின்று பிழைக்கிறேன் என்று ஒருவன் சொன்னால் டாக்டர் சர்டிபிகேட் கேட்கிறோம். உட்கார்ந்தே பிழைக்கிற என்னை இதுவரை எந்த டாக்டரும் பரிசோதித்ததில்லை. என் வேட்டி இடுப்பில் நிற்க மறுப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

'ஐயா' என்று ஆரம்பித்த தாள் வீணாகவில்லை. அதற்குக் கீழேயே நிச்சயதார்த்தச் சாமான்களை எழுதிக்கொண்டோம். தனபால் ஒன்றாம் தேதி கலாசியில் சேருகிறான்.

ஒரே ஒரு கவலைதான் பாக்கி. முகூர்த்தத்தன்று மாப்பிள்ளை மணையில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் – பின்னாலிருந்து கிள்ளும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.