மேடைக்குப் போகாத சீட்டு

பிற்பகல் மூன்றேகால் மணி. முதலில் கண்ணில் பட்டது, திராட்சைப் பெட்டியின் மேல் சாய்த்து வைத்திருந்த கைப்பேசி. அதன் திரையில் ஒரு மேடை, நீலத் துணி போர்த்திய மேசை, காலி நாற்காலிகள். கம்பம் ஊருக்கு வெளியே, திராட்சைப் பந்தலை ஒட்டிய தகரக் கொட்டகையில் நான்கு பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்: தோட்டக்காரர், அவர் மனைவி, மனைவியின் அண்ணன், நான்.

அவர்களுடைய ஒரே மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவன். அந்தக் கப்பலை நடுக்கடலில் ஆயுதக்காரர்கள் மடக்கித் தங்கள் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதன் பிறகு அவன் குரல் கேட்கவில்லை. கலெக்டர் அலுவலகத்துக்கு மனு போனது, டெல்லிக்கும் போனது. எதற்கும் பதில் இல்லை.

மேடையில் பேசப் போகிறவர் எங்கள் பக்கத்துக்காரர், பல ஆட்சிகளைப் பார்த்த அரசியல்வாதி. பதவி போன பிறகும் வெளிநாட்டு அரசியல், பாதுகாப்பு மாநாடுகளுக்கு அவரை அழைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஊர் திரும்பியதும் தேனி விருந்தினர் மாளிகையில் நிருபர்களைக் கூட்டிப் பேசுவார். நான் எழுதுவேன். எங்கள் நாளிதழின் உள்பக்கத்தில் வரும். இந்த முறை அவருடைய தலைப்பு கடல்வழிப் பாதுகாப்பு. அவர் அதைப் பற்றிப் பேசப் போகிறார் என்ற செய்தியைப் படித்துவிட்டுத்தான் தோட்டக்காரர் என்னைத் தேடி வந்தார்.

"அவுக பேசுறப்ப ஒரு சீட்டு மேல போகணும் சார். பையன் பேரும் கப்பல் பேரும் இருந்தாப் போதும்."

எங்கள் பகுதியில் எந்தக் கூட்டத்திலும் அதுதான் வழக்கம். தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கூட்டத்திலிருந்து ஒரு துண்டுச்சீட்டு கைமாறிக் கைமாறி மேடைக்கு ஏறும். பேச்சை நிறுத்தி அதைப் படிப்பார். இந்த ஊர்க்காரர்கள் பாலம் கேட்கிறார்கள், கட்டாயம் செய்வோம் என்பார். ஊரறியச் சொன்னதால் பிறகு நழுவ முடியாது. தோட்டக்காரரின் தெருவுக்கு டிரான்ஸ்பார்மர் வந்ததே இதே பெரியவர் அப்படிப் படித்த ஒரு சீட்டால்தான்.

அந்த மாநாடுகளில் சீட்டு ஏறாது என்று சொல்லிப் பார்த்தேன். பிறகு பெரியவரின் உதவியாளருக்கு விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

திரையில் பெரியவர் வந்து உட்கார்ந்தார். வேட்டி இல்லை, கோட்டு.

"மாப்ள, அவுகளப் பாரு, பொண்ணு பாக்கப் போறவுக கணக்கா இருக்காக," என்றார் மைத்துனர்.

"செத்த சும்மா இருண்ணே. காதுல விழட்டும்," என்றார் தங்கை.

பெரியவர் ஆங்கிலத்தில் நன்றாகவே பேசினார். வணிகக் கப்பல்கள், காப்பீடு, கூட்டு ரோந்து. மாலுமிகள் என்ற சொல் ஒரே ஒரு முறை வந்தது. நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அப்போது பக்கத்திலிருந்த நெறியாளர் ஒரு சிறிய தாளை மேசைமேல் அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஏறிருச்சு!" மைத்துனர் எழுந்துவிட்டார். "சீட்டு ஏறிருச்சு மாப்ள!"

தோட்டக்காரர் விரலை நீட்டி அந்தத் தாளைத் தொட்டார். படம் அப்படியே நின்றது. நான் மறுபடி ஓடவிட்டேன். பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தாளைப் படித்தார், சிரித்தார், ஏதோ சொன்னார். அரங்கமும் சிரித்தது.

"ஏன் சார் சிரிக்கிறாக?"

"ஒரு நிமிசந்தான் இருக்கு, முடிங்கன்னு எழுதிக் குடுத்துருக்காக. ஊர்ல மைக்கப் பிடிச்சா விடமாட்டேன், இங்க விட்டுத்தான் ஆகணும்னு சொல்றாரு."

"நம்ம சீட்டு இல்லையா?"

"இல்ல."

பிறகு அந்த அம்மாள் கேட்டார்: "இன்னும் ஒரு நிமிசம் இருக்குல்ல சார்?"

இருந்தது. அதில் பெரியவர் அமைப்பாளர்களுக்கு நன்றி சொன்னார். கடல் எல்லோருக்கும் பொது என்று முடித்தார். கைதட்டினார்கள்.

அவர் ஊர் திரும்பி நிருபர்களைச் சந்தித்தபோது தோட்டக்காரரும் ஒரு பெட்டி பன்னீர் திராட்சையோடு வந்திருந்தார். கூட்டம் கலைந்ததும் அவரைப் பெரியவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பெரியவர் அவரை உட்காரச் சொல்லி முழுவதையும் கேட்டார்.

"தகவல் வந்துச்சுப்பா. பாத்தேன். இங்கன நான் சொன்னா ஒரு தாசில்தாராவது எந்திரிப்பான். அங்கன என்னையக் கூப்பிடுறாக, பேசுறேன், கைதட்டுறாக. நான் சொல்லி அங்கன ஒருத்தரும் ஒண்ணும் செஞ்சதில்ல."

"அடுத்த கூட்டத்துலயாவது..." என்றார் தோட்டக்காரர்.

"அடுத்தது பருவநிலை பத்தியாம்."

உதவியாளர் திராட்சைப் பெட்டியை வாங்கிக் காரில் வைத்தார். மாநாட்டுச் செய்தி மறுநாள் உள்பக்கத்தில் வந்தது. கப்பல் அதே துறைமுகத்தில் நிற்கிறது.