எபினேசர் ஊதாத சாவு

எபினேசருக்கு நாற்பத்தொரு வயது. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. வேலை இல்லாத நாட்களில் பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுவார். அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் பெட்டிக்கு முன்னால் அவரும் டிரம்ஸ் அடிக்கும் அந்தோணியும் போவார்கள். பதினான்கு வருட ஜோடி.

பைக்கிலிருந்து விழுந்து அடிபட்ட முன்பல்லுக்கு எப்போதோ வேர் சிகிச்சை செய்து கேப் போட்டிருந்தார். போன ஜூனில் அதற்கு மேலே ஈறில் கொப்புளம் கிளம்பியது. மாத்திரை போட்டால் அடங்கும். பத்து நாளில் மறுபடி சீழ் கசியும். டிரம்பெட்டை உதட்டில் வைத்து அழுத்தினால் கண்ணில் நீர் வந்துவிடும்.

பல் டாக்டர் அருணா எக்ஸ்ரேயைக் காட்டினார். வேர் நுனியைச் சுற்றி எலும்பு கரைந்திருந்தது. பல்லுக்குள் கம்பி இறக்கியிருப்பதால் மறுபடி வேர் சிகிச்சை செய்யக் கேப்பைக் கழற்றப் போனால் வேர் பிளந்துவிடலாம். ஈறைக் கீறித் திறந்து, சீழ்ப்பையைச் சுரண்டி, வேர் நுனியில் மூன்று மில்லிமீட்டர் வெட்டி அடைக்க வேண்டும் என்றார்.

மரத்துப்போக ஊசி போட்டதால் வலி இல்லை. எலும்பைக் குடையும் அதிர்வு மட்டும் மண்டை முழுக்கக் கேட்டது. ஐந்து தையல். ஒரு மாதத்துக்கு ஊதவே கூடாது, தையல் பிரிந்தால் பல் தங்காது என்று டாக்டர் இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

மூன்றாம் நாள் அந்தோணி வேலை செய்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தார்.

எபினேசர் வீங்கிய முகத்தோடு போனார். அந்தோணியின் மனைவி மெர்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஊதாம அவர எப்டிண்ணா தூக்கினு போறது? ஒரே ஒரு பாட்டு."

"தையல் போட்டுக்குதும்மா. ஊதுனா பிரிஞ்சிடும்."

மெர்சி கையை விட்டுவிட்டாள்.

பொன்னேரியிலிருந்து வேறொருவரை வரவழைத்தார்கள். அவர் இரண்டு இடத்தில் சுதி தவறினார். அப்போதெல்லாம் ஊர்க்காரர்கள் எபினேசரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கன்னத்தைக் கையால் மூடியபடி பெட்டிக்குப் பின்னால் கல்லறை வரை நடந்தார்.

ஆறு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு நிரம்பத் தொடங்கியிருந்தது. டாக்டருக்கு மகிழ்ச்சி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எபினேசர் மெர்சியின் வீட்டுக்குப் போனார். அவள் நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள்.

"பல்லு நல்லாயிடுச்சாண்ணா?"

"ஆயிடுச்சும்மா."

அவள் உள்ளே போனாள். அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவள் வெளியே வரவில்லை. எழுந்து வண்டியை எடுத்தார்.