அக்காவின் கைராசி

எங்கள் குடும்பத்தில் எந்த நல்ல காரியத்தையும் அக்கா கையால்தான் தொடங்குவோம். கைராசிக்காரி என்று பெயர். விதை போடுவது, கடை திறப்பது, புது வீட்டில் பால் காய்ச்சுவது எல்லாவற்றுக்கும் அவள்தான். அதனால் ஆனையூர் நிலத்தை விற்றதும் அவள் பங்கு, என் பங்கு, தம்பி பங்கு மூன்றையும் அவள் பெயரிலேயே வங்கியில் டெபாசிட் போட்டோம். ஆளுக்கு ஐந்து லட்சத்துக்குள்தான்.

அது ஒரு சின்ன வங்கி. எதிரே இன்னொரு வங்கி வந்து வட்டியைக் கூட்ட, இவர்கள் அதைவிடக் கூட்ட, தெருவே திருவிழா ஏலம் போலிருந்தது. இவ்வளவு வட்டி எங்கிருந்து வரும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும்தான். தெரிந்தவன், வேண்டியவன் என்று கண்டவனுக்கெல்லாம் கடனை வாரிக் கொடுத்திருக்கிறார்கள். ஒருநாள் வங்கிகளைக் கண்காணிக்கும் மேலிடம் தடை போட்டது; பணம் எடுக்க முடியாது. அதுவரை என்னத்தைக் கண்காணித்தார்களோ!

காப்பீடு உண்டாம். ஒரு வங்கியில் ஒரு ஆளுக்கு ஐந்து லட்சம் வரை. அவரவர் பெயரில் போட்டிருந்தால் மூவருக்கும் முழுசாக வந்திருக்கும். ராசி பார்த்து ஒரே பெயரில் போட்ட புத்திசாலிகளுக்கு மொத்தமே ஐந்துதான். மிச்சம் வங்கி தேறினால் பார்க்கலாம் என்றார்கள். வந்த ஐந்தையும் அக்கா எங்கள் இருவருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டாள். எவ்வளவு சொல்லியும் தனக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தம்பி சொன்னான்: "அக்கா கைராசி போச்சுண்ணே."

எனக்கு வந்ததே கோபம். "ஏன்டா, கடனை வாரிக் குடுத்தவன் கையெல்லாம் நல்லாருக்கு, அக்கா கைதான் ஒனக்குக் குத்தமாப் போச்சா?"

அவன் காதிலேயே வாங்கவில்லை. கடனை உடனை வாங்கிக் கோச்சடையில் வீட்டைக் கட்டி முடித்தான். பால் காய்ச்ச மாமியாரைக் கூப்பிட்டான். அக்கா வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். பார்க்கப் பொறுக்கவில்லை.

"உள்ள வாக்கா. நீதான் காய்ச்சணும்."

"வேணாம்டா. பொங்காமப் போயிட்டா காலத்துக்கும் சொல்லுவான்."

"பாலுக்குமா தடை போட்டுருக்காய்ங்க? வா!"

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டான். அக்கா அடுப்பைப் பற்ற வைத்தாள். பால் நுரைத்துப் பொங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு அக்கா சிரித்தாள்.

பந்தி முடிந்ததும் தம்பி என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான். முகமெல்லாம் பூரிப்பு.

"அண்ணே, ராசி திரும்பிருச்சு. மொய்ப்பணம் அம்புட்டையும் அக்கா பேர்லயே போட்ருவோமா?"

அக்கா பின்னால்தான் நின்றிருந்தாள். கையை மறுபடியும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.