பொய் விடைக்காரி

எங்கள் வினாடி வினா நிகழ்ச்சியில் கேள்வி கேட்பவரை ஊருக்கே தெரியும். அவர் போட்டுவரும் கோட்டின் நிறம்கூட மறுநாள் பேச்சாகும். அந்தக் கேள்விகளை எழுதுகிறவளை ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. பதினொரு வருஷமாக எழுதுகிறாள். நாங்கள் 'கேள்விம்மா' என்று கூப்பிடுவோம். அவள் உட்காரும் மூன்றாவது மாடி அறைக்கு நான் சாவிக்காரன்.

கேள்வி எழுதுவதில் என்ன பெரிய வித்தை என்று நானும் ஒருகாலத்தில் நினைத்தேன். சரியான விடையை எந்தப் புத்தகத்திலும் பார்த்துக்கொள்ளலாம். கூட வரும் மூன்று பொய் விடைகளைத்தான் உட்கார்ந்து செய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவின் தலைநகரம் எது என்று கேட்டு, பக்கத்தில் சிட்னியை வைத்துவிட்டால் பாதிப் பேர் அங்கேயே கவிழ்வார்கள். ஒரு நடிகரின் கண்ணை மட்டும் காட்டி யாரென்று கேட்டால், அதே கண் உள்ள இன்னொருவர் பெயர் அவளுக்கு நாக்கு நுனியில் இருக்கும். பொய் விடை உண்மைக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்ல கேள்வி என்பாள். உண்மையையே தொட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கேன்டீனில் அவள் வரிசையில் நின்றால் போதும், ஆளாளுக்குச் சீண்டுவார்கள். "கேள்விம்மா, சதுரமும் இல்லாத, செவ்வகமும் இல்லாத கொடி எந்த நாட்டுக்கு?" என்பான் கேமராக்காரன். "சுவிட்சர்லாந்தா, நேபாளமா, வாடிகனா, உங்க மாமியார் வீடா?" என்று இவள் திருப்பிக் கேட்பாள். அவன் மாமியார் வீட்டில்தான் குடியிருந்தான். வரிசையே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். சனிக்கிழமை மட்டும் சிரிக்க மாட்டாள்.

சனிக்கிழமை மாலை நேரலை. விடை வெளியே கசியக் கூடாது என்று அன்றைக்குக் காலை பத்து மணிக்கு அவளை அந்த அறைக்குள் விட்டுப் பூட்டிவிடுவோம். போன் என் தகரப் பெட்டியில். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மேசை, பக்கவாட்டில் ஒரு குளியலறை, சத்தம் வராத ஒரு டிவி; கேள்வியும் சொன்ன விடையும் திரையில் எழுத்தாக ஓடும். சாப்பாடு மூடியுள்ள டப்பாவில் போகும். ஏழு மணிக்கு நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் திறப்பேன். உள்ளேயிருந்து அவள் என்ன சொன்னாலும் அது என் காதில் விழாத மாதிரி இருக்க வேண்டும். எனக்கு முன்னால் இருந்த சாவிக்காரர் அவளிடம் ஒரு துண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு கீழே போனார். தலைவலி மாத்திரையின் பெயர்தான் எழுதியிருந்தது. சீட்டு சீட்டுதான் என்று அன்றைக்கே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை அவள் பையனுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது. என் பெட்டிக்குள் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்கக்கூட எனக்கு அனுமதி இல்லை. ஏழு மணிக்கு வெளியே வந்தவள் பதினெட்டு அழைப்புகளைப் பார்த்துவிட்டுச் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். பையன் பிழைத்துக்கொண்டான். அவள்தான் பழைய ஆளாகத் திரும்பி வரவில்லை. "அந்த ரூம்ல மூச்சு முட்டுதுண்ணே. நான் வேற எங்கயாவது போயிடணும்" என்றாள்.

போக ஒரு இடமும் கிடைத்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர் வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். இங்கிருந்து விடுவிப்புக் கடிதம் கொண்டுபோக வேண்டும். டைரக்டர் மூன்று வாரம் தண்ணி காட்டிவிட்டு, கடைசி சனிக்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் தருகிறேன் என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை காலை அவள் முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது. பூட்டப் போகும் நேரம் பார்த்து டைரக்டர் ஒரு அட்டையோடு வந்தார். 'எந்த நாட்டை நாலு பக்கமும் ஒரே ஒரு நாடு சூழ்ந்திருக்கிறது?' என்பது கேள்வி. விடை லெசோதோ. பொய் விடைகள் அண்டோரா, எஸ்வாட்டினி, பூட்டான்.

"பூட்டான் இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும்மா. அதை எடுத்துட்டு வேற ஒண்ணு போடு. சீக்கிரம்."

அவள் காதில் போன். மறுமுனையில் பள்ளிக்கூட குமாஸ்தா என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று ஒப்பித்துக்கொண்டிருந்தார். இவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பூட்டானை அடித்து, மேலே 'சான் மரினோ' என்று எழுதிக் கொடுத்தாள். அவர் உறையில் போட்டு ஒட்டிக்கொண்டு போனார். வழக்கமாக எந்தக் கேள்வியையும் இன்னொருவர் சரிபார்ப்பார். கடைசி நிமிஷத் திருத்தத்துக்கு அது கிடையாது.

மாலை ஆறு இருபதுக்கு உள்ளேயிருந்து கதவு இடிபட்டது.

"அண்ணே! தப்பாயிடுச்சு! சான் மரினோவும் சரிதான். சுத்தி இத்தாலி மட்டும்தான் இருக்கு. கீழ போய்ச் சொல்லுங்க!"

உண்மைக்குக் கிட்டத்தில் ஒரு பொய்யைத் தேடிப் போன கை உண்மையையே எடுத்துவிட்டது. பொய் விடை செய்து பழகியவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு அது. இதெல்லாம் பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அவள் உள்ளே இருக்கிறாள், நான் காதில் வாங்கக் கூடாது என்பதுதான்.

"இன்னும் நாப்பது நிமிஷம்தாம்மா. பொறுத்துக்கோ."

"அந்தம்மா சான் மரினோன்னு சொல்லிட்டாங்கண்ணே! வெளிய அனுப்பறாங்க! கதவைத் திறங்க!"

சாவி சட்டைப் பையில்தான் இருந்தது. ஸ்டுடியோ இரண்டு மாடி கீழே. ஓடினால் ஒரு நிமிஷம். நான் ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றது. பயந்தாங்கொள்ளி என்று என்னை யாராவது சொன்னால் மறுத்துப் பேச மாட்டேன்.

ஏழு மணிக்குத் திறந்ததும் அவள் என்னை ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். நேரே டைரக்டர் அறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

அவர் முழுக்கக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். "பாத்தவங்க யார்கிட்டருந்தும் ஒரு போன்கூட வரலை. ஒருத்தருக்கும் தெரியாது. இந்தா உன் கடிதம். நல்லபடியாத்தான் எழுதியிருக்கேன். வாயை மூடிக்கிட்டுப் போனா இது. வெளிய சொன்னேன்னா, கவனக்குறைவால வந்த தப்புன்னு உன் கடிதத்துலயே எழுத வேண்டியிருக்கும்."

அவள் கடிதத்தை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. நான் செய்த கோழைத்தனமும் அந்தக் கடிதத்தோடு வெளியேறிவிடும் என்று நினைத்தேன். "போயிடும்மா, திரும்பிப் பாக்காதே" என்று சொல்லிக்கொண்டே வாசல் வரை கூடப் போனேன்.

வாசலில் அந்தப் போட்டியாளர் எங்கள் வேனுக்காக நின்றிருந்தார். தையல் கடை வைத்திருக்கும் அம்மா. இறுதிச் சுற்றுக்கு ஒரே ஒரு கேள்வி பாக்கி இருந்தபோது வெளியே வந்தவர். போனில் வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். "ஆமாங்க, நல்லாத் தெரியும்னுதான் அடிச்சுச் சொன்னேன். மேப்ல விரல வெச்சுப் பாத்த ஞாபகம். தெரு முழுக்கப் பாத்திருக்கும். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நீங்க சொல்வீங்களே, அது சரிதான். இனிமே இந்த வாயத் திறக்க மாட்டேன்."

கேள்விம்மா நின்றுவிட்டாள். நான் அவள் கையைப் பிடிக்காத குறை. "வேண்டாம்மா" என்றேன்.

"அக்கா," என்றாள், "நீங்க சொன்னதும் சரியான விடைதான். கேள்வி எழுதினது நான். தப்பு என்னோடது. மேல வாங்க, டைரக்டர் முன்னாடியும் சொல்லிடறேன்."

அந்த அம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமலே அழுதார். "கேட்டீங்களா? கேட்டீங்களா?" என்று போனில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொழில்நுட்பக் கோளாறு என்று பூசி மெழுகி, தையல்கார அம்மாவை அடுத்த வாரத்துக்கு மறுபடி அழைத்தார்கள். கடிதத்தைத் திருப்பி வாங்கி வேறு எழுதிக் கொடுத்தார்கள். டைரக்டர் மிரட்டின 'கவனக்குறைவு' சொன்ன வார்த்தை தவறாமல் அதில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அதைப் படித்துவிட்டு, பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம். வேறொரு டீச்சர் சேர்ந்துவிட்டார். டைரக்டர் கேள்விம்மாவை வேலையைவிட்டு அனுப்பவில்லை. இவளை மாதிரிப் பொய் விடை செய்ய அவருக்கு ஆள் கிடைக்காது. அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு இவளை வேறு யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு வந்தாள். போனை அணைத்துப் பெட்டியில் போட்டாள். உள்ளே போய் நாற்காலியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்குக் கதவைச் சாத்த மனம் வரவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணே, ஒரு கேள்வி" என்றாள். "இன்னிக்கும் நான் அதே மாதிரி தட்டினா திறப்பீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளிடம் எடுபடாது.

"மாட்டேம்மா. எனக்கும் இந்த வேலை வேணும்."

அவள் தலையாட்டினாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"சரிண்ணே. பூட்டிக்குங்க, நேரமாகுது."

பூட்டினேன்.