லவாலில் துவக்கு வாங்கப் போன மத்தியானம்

எனக்குத் துவக்கு வாங்கும் ஆசை வந்தது மான் இறைச்சிக் கறியால்தான். கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் நான் வேலை செய்த பேக்கரியில், பாணைப் பைகளில் போடும் வரிசையில், எனக்குப் பக்கத்தில் ஒரு கியூபெக்காரி நிற்பாள். ஒவ்வொரு நவம்பரும் வேட்டைக்குப் போய் வருவாள். ஒருமுறை எனக்கும் ஒரு பொதி இறைச்சி தந்தாள். நான் எங்கள் ஊர்க் கறித்தூளைப் போட்டுப் பிரட்டி, அவளுக்கே ஒரு பெட்டியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஓட ஓடச் சாப்பிட்டாள். அடுத்தமுறை நீயும் வரத்தான் வேண்டும் என்று அன்றைக்கே பிடித்துக்கொண்டாள்.

போனேன். சுடுவதற்கு இல்லை, சும்மா பக்கத்தில் இருப்பதற்கு. விடிந்தும் விடியாத நேரம், மரத்தில் பலகை அடித்துக் கட்டிய பரணில் இரண்டு பேரும் குந்தியிருந்தோம். மரங்களுக்கு நடுவே பனிமூட்டம் மெல்ல மெல்ல நகர்ந்தது. எது மரம், எது நிழல் என்று பார்த்துக்கொண்டே இருந்ததில், நான் விழித்திருக்கிறேனா என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. அப்போது ஒரு மான் வந்தது. வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது; மூட்டத்தில் ஒரு துண்டு மானாகிவிட்டது. பின்னால் குட்டி நின்றதாம், அவள் சுடவில்லை. என்னை யாரும் கூப்பிடாத, அடுப்பில் ஒன்றும் எரியாத ஒரு காலை! அது எனக்குத் திரும்பவும் வேண்டும். பக்கத்தில் குந்துகிறவளாக அல்ல, எனக்கென்று ஒரு பரணில், எனக்கென்று ஒரு துவக்கோடு.

பாதுகாப்பு வகுப்புக்குப் போனேன், சோதனை பாஸ் பண்ணினேன், அனுமதி அட்டையும் எடுத்தேன். எல்லாவற்றுக்கும் ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், கடைக்குப் போவோம் என்றதும்தான் வாய் திறந்தார்.

“நீர் வாங்கும். நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா துவக்கிருக்கிற வீட்டில எனக்கு நித்திரை வராது.”

“ஏன், நான் உங்களைச் சுடப்போறனே?”

அவர் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த மனுசனுக்காக எத்தனை ஆசையைத்தான் மடித்து வைப்பது? ஆனால் அந்த முகத்தைப் பார்க்கவும் ஏலாமல் இருந்தது. இலங்கையில் அவரை ஆமி பிடித்த பழைய கதையை அவர் கதைப்பதில்லை. இத்தனை வருடம் கூட வாழ்ந்தும், “பிடிச்சவங்கள், பேந்து விட்டவங்கள்” என்பதற்கு மேல் எனக்கு ஒரு சொல் கிடைத்ததில்லை. கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். கடைக்கு வந்து பாருங்கள், பார்த்த பிறகும் வேண்டாம் என்றால் வெறுங்கையோடு திரும்புவோம் என்று வாக்குக் கொடுத்தேன். சத்தியமாகத் திரும்பியிருப்பேன். ஆனால் பிறகு ஒரு மாதத்துக்கு அவர்தான் சமைத்திருக்க வேண்டும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற லவாலுக்கு மெட்ரோ வந்த வருடம் அது. நாங்கள் எங்கள் பழைய காரில் பாலம் தாண்டிப் போனோம். ஒக்டோபர் மாதத்து மஞ்சள் வெயிலில் ஆறு அசையாமல் கிடந்தது. வழி நெடுக அவர் ரேடியோவைக்கூடப் போடவில்லை.

கடைக்குள் சுவர் முழுக்க மான் தலைகள். கண்ணாடிக் கண்களால் எங்களுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. தடித்த கம்பளத்தில் எங்கள் காலடி எங்களுக்கே கேட்கவில்லை. மூக்குக்கண்ணாடி போட்ட, பெரிய உடம்புக்காரர் ஒருவர் வந்தார். என் உயரத்தைக் கையால் காட்டி, அடர்ந்த காடு, மொத்தமான குளிர்க்கோட்டு என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். கட்டையான துவக்குத்தான் உங்களுக்குச் சரி என்று சொல்லி, அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

அவ்வளவுதான். என் வீட்டுக்காரரின் கை சட்டைப் பைக்குள் போய், மெடிகேர் அட்டையை எடுத்து நீட்டியது. மெடிகேர் அட்டையை! துவக்கோடு ஒருவன் எதிரே வந்தால் அடையாள அட்டையை எடுப்பது, ஊரில் ஆமியின் சோதனைச்சாவடிகளில் எங்கள் ஆட்களின் உடம்பில் ஊறிப்போன பழக்கம். கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்து, இது டொக்டரிடம் காட்டுவது, மெஸ்யூ என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். சிரிக்கப் போன நான், வீட்டுக்காரர் அதைப் பைக்குள் வைக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டு அடக்கிக்கொண்டேன். ஐயோ, ஏன்தான் இவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன்!

“வாங்கோ, வீட்ட போவம்,” என்றேன்.

“இல்லை, நீர் பாரும்.”

பார்த்தேன். அந்த முதல் துவக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் பிடி வைத்தது, பாரமே இல்லை. இரண்டாவது லீவர் வைத்தது. விசையைச் சுற்றி வளையமாக ஓர் இரும்பு இருக்கும். அதற்குள் விரல்களைக் கொடுத்து முன்னுக்குத் தள்ளி இழுத்தால் தோட்டா ஏறும். குழல் கட்டையானது, பிடி நல்ல மரம். கோட்டோடு தோளில் வைத்தேன். எனக்கென்றே அளவெடுத்த சட்டை மாதிரிப் பொருந்தியது. ஆனால் மற்றதைவிடப் பாரம், நாள் முழுக்கக் காட்டில் தூக்கித் திரிய வேண்டுமே. இதுவா அதுவா என்று மாறி மாறி வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றதில், மனம் அந்தப் பரணுக்கும் பனிமூட்டத்துக்கும் போய்விட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ.

“அவரை அதை இன்னொருக்காச் செய்யச் சொல்லும்.” வீட்டுக்காரரின் குரல் கேட்டுத்தான் திரும்பினேன்.

“எதை?”

“உம்மட கையில தாறதுக்கு முந்திச் செய்யிறாரே, அதை.”

கடைக்காரர் எந்தத் துவக்கையும் சும்மா கையில் தரவில்லை. முதலில் திறப்பார், தோட்டா இருக்கும் குழிக்குள் சின்னவிரலை விட்டுப் பார்ப்பார், உள்ளே ஒன்றுமில்லை என்று எனக்கும் காட்டிவிட்டுத்தான் நீட்டுவார். வகுப்பில் எங்களுக்கு முதல் பாடமே அதுதான். பழகிப்போய் நான் கவனிக்கவே இல்லை. வீட்டுக்காரர் இவ்வளவு நேரமும் துவக்கைப் பார்க்கவில்லை, அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

நான் கேட்டதும், கடைக்காரர் லீவரை முன்னுக்குத் தள்ளினார். அது கீழே இறங்கித் தொங்கியது. வீட்டுக்காரர் கிட்டப் போய், தன்னுடைய சின்னவிரலை அந்தக் குழிக்குள் விட்டார். விட்டபடியே நின்றார்.

“பதினேழு வயசில ஒருக்கா என்ர நெத்தியில துவக்கை வச்சவங்கள்,” என்று தமிழில் சொன்னார். “வச்சுக்கொண்டு சிரிச்சவங்கள். அதுக்குள்ள வெடி இருந்ததோ இல்லையோ எண்டு இண்டுவரைக்கும் எனக்குத் தெரியாது.”

அவருடைய மற்றக் கையைப் பிடித்தேன். கடைக்காரர் ஒன்றும் விளங்காமல், துவக்கைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றார்.

“இது திறந்திருந்தா வாசல்ல நிண்டே தெரியும், என்ன?” என்று வீட்டுக்காரர் லீவரைக் காட்டிக் கேட்டார்.

“ஓம்.”

“அப்ப இதை எடும். வீட்டில திறந்தபடியே கிடக்கட்டும். நான் நித்திரை கொள்ளுவன்.”